பலகைக்கு அந்தப் பக்கம்

ஜூன் 8, திங்கள்

இன்று எனக்கும் நஸ்ரினுக்கும் நடுவில் பலகை வைத்துவிட்டார்கள். ஒர்க்‌ஷாப் அல்போன்ஸ் அண்ணன் வந்து, எங்கள் இரண்டு மேஜைகளுக்கும் இடையே ஆளுயரத்துக்கு ஒரு பிளைவுட்டை நிறுத்தி ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். "என்ன தம்பி, பாகப்பிரிவினையா?" என்று கேட்டார். ஹெக்டே சார் உத்தரவு என்றேன்.

சாருடைய வழக்கம் இது. தொலைநோக்கியிலிருந்து வரும் ஒரே தரவை இரண்டு மாணவர்களிடம் கொடுப்பார். இருவரும் தனித்தனியே உட்கார்ந்து ஆராய வேண்டும். பேசக் கூடாது, பார்க்கக் கூடாது. ஒரு நாள் குறித்து இருவர் முடிவையும் ஒன்றாகத் திறப்போம். லேபில் அதற்குப் 'பெட்டி திறப்பு' என்று பெயர். இரண்டும் ஒத்துப்போனால், சார் வாங்கி வந்திருக்கும் தார்வாட் பேடா என்ற பால் இனிப்பு டப்பாவைப் பிரிப்பார். போன வருஷம் இரண்டு சீனியர்களின் முடிவு தசமப் புள்ளி பிசகாமல் ஒத்துப்போயிற்று. சாருக்குப் பேடா இறங்கவில்லை. அதனால் இந்த வருஷம் பலகை.

பேச ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். மற்றபடி எனக்கு டைரி எழுதும் பழக்கமெல்லாம் கிடையாது.

ஜூன் 10, புதன்

எங்கள் கோளைப் பற்றி. வியாழனைவிடப் பெரிய வாயு உருண்டை. தன் நட்சத்திரத்தை உரசாத குறையாகச் சுற்றுகிறது. அங்கே ஒரு வருஷம் என்பது இங்கே ஒன்றேகால் நாள். நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல, இதுவும் நட்சத்திரத்துக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும். அந்தப் பக்கம் இரும்பு ஆவியாகும் சூடு. முதுகுப் பக்கம் விடியவே விடியாது. பட்டியலில் அதற்கு நீளமான எண் ஒன்று உண்டு. லேபில் எல்லோரும் 'தோசைக்கல்' என்கிறோம்.

பெயர் வைத்தது நஸ்ரின். "ஒரு பக்கம் மட்டும் வேகுது, திருப்பிப் போட ஆளில்ல" என்றாள் ஒரு கூட்டத்தில். அன்றிலிருந்து ஹெக்டே சாரே கன்னடத்தில் 'தோசெகல்லு' என்றுதான் சொல்கிறார்.

அதன் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டது நான். பழைய பதிவுகளையெல்லாம் தோண்டி, அது நட்சத்திரத்தின் முகத்தை எப்போது கடக்கும் என்று நிமிஷ சுத்தமாகச் சொன்னது நான். அந்தக் கணக்கைக் காட்டித்தான் பெரிய தொலைநோக்கியில் நேரமே கிடைத்தது. வெளியிலிருந்து யார் வந்தாலும், பெயர் வைத்தவள் யார் என்றுதான் கேட்கிறார்கள்.

நஸ்ரின் என்னைவிட ஒரு வருஷம் ஜூனியர். மேலப்பாளையத்துக்காரி. நான் கோவில்பட்டி. ஊருக்கு ஒரே ரயிலில்தான் போவோம். 'இசக்கிண்ணா' என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிடுகிறவளைக் கோபித்துக்கொள்ளவும் முடிவதில்லை, அதுதான் எரிச்சல்.

பெட்டி திறந்தபின் எங்களில் ஒருவர் செப்டம்பரில் நெதர்லாந்து மாநாட்டில் பேசுவார். கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. அடுத்த கோள்களின் தரவும் அவர் கைக்குப் போகும். மற்றவர் கூட இருந்து உதவுவார். சார் இதைச் சொன்னபோது நஸ்ரின் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். கிடைக்கும் என்று தெரிந்தவர்கள்தான் அப்படிச் சிரிப்பார்கள்.

ஜூன் 16, செவ்வாய்

வேலை என்னவென்றால் சலவை. கோள் நட்சத்திரத்தின் குறுக்கே வரும்போது ஒளியில் துளியூண்டு அதன் காற்றைக் கடந்து வருகிறது. ஒவ்வொரு வாயுவும் ஒளியில் தன் கோடுகளைக் கீறி அனுப்பும். நாங்கள் தேடுவது டைட்டானியம் ஆக்சைடு, சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயிண்டில் இருப்பதற்குத் தம்பி முறை. அது இருந்தால் கோளின் மேல்காற்று கீழ்க்காற்றைவிடச் சூடாக இருக்கும். பல வருஷமாக உலகம் முழுக்க இதற்காகச் சண்டை போடுகிறார்கள்.

சிக்கல், பூமியின் காற்றும் கோடு கீறும். அதுதான் பெரிய அழுக்கு. அதைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். குறைவாகக் கழுவினால் அழுக்கு மிஞ்சும். அதிகம் கழுவினால் சாயமும் போய்விடும்.

கழுவி முடித்தால் கிடைப்பது ஒரு வரைபடம். முழுக்க நீலம். வாயு இருந்தால் அதில் ஒரு மஞ்சள் புள்ளி. எந்த உயரத்தில் விழ வேண்டும் என்பதை என் சுற்றுப்பாதைக் கணக்கு சொல்லிவிடும். இடமா வலமா என்பதை அங்கே அடிக்கும் காற்று சொல்லும். நம்மை நோக்கி அடித்தால் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம், மைனஸ். விலகி அடித்தால் வலப்பக்கம், பிளஸ். வெந்த பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு அடிக்கிற காற்று நம்மை நோக்கித்தான் வரும். ஆகவே மைனஸ் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சார் ஒரு பரிசோதனையும் செய்யச் சொல்கிறார். பொய்யான குறி ஒன்றை நாமே தரவுக்குள் ஒளித்து வைத்து, நம் சலவை அதைத் திரும்ப எடுக்கிறதா என்று பார்ப்பது. எனக்கு நேரமில்லை. எழுதிய புரோகிராம் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் செய்கிற வேலை அது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் இருந்த இரண்டு வருஷமும் ஓடுகிற மெஷினுக்கு நான் எழுதியிருக்கிறேன். அங்கே தப்பாக எழுதினால் விரல் போகும்.

ஜூன் 19, வெள்ளி

என் வரைபடத்தில் ஒன்றுமில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நிற்கவே இல்லை.

ஜூன் 25, வியாழன்

ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் லேபைச் சுற்றிப் பார்த்தார். நஸ்ரின் பக்கம் போய் நெடுநேரம் நின்றார். அவள் புரோகிராம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டியது இந்தப் பக்கம் கேட்டது. என் பக்கம் வந்தார், பலகையைத் தட்டிப் பார்த்து, நல்ல யோசனை என்றார். அவ்வளவுதான்.

மெஸ்ஸில் அல்போன்ஸ் அண்ணனிடம் இதைச் சொன்னேன். தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே, "நீ அந்தப் பக்கம் என்ன சத்தம் கேக்குதுன்னே காதைக் கொடுத்துக்கிட்டு இருந்தா, இந்தப் பக்கத்து வேலையை யார் தம்பி பார்ப்பா?" என்றார். எனக்குக் காது கேட்பது என் தப்பா?

அவள் மேஜையில் ஒரு மணி பிளான்ட் இருக்கிறது. அது பலகை மேல் ஏறி என் பக்கம் இரண்டு இலை விட்டிருக்கிறது. கிள்ளிப் போட்டேன்.

ஜூலை 2, வியாழன்

மதியம் நஸ்ரின் தொழுகைக்கு ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். அவள் பக்கம் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே தூறல், குளிர், இதில் ஃபேன் எதற்கு? ஸ்விட்ச் அவள் மேஜைக்குப் பின்னால் இருக்கிறது. போய் அணைத்துவிட்டு வந்தேன். கம்ப்யூட்டரைப் பூட்டாமல் போயிருக்கிறாள். அலட்சியம்.

நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, நீலத்தில் ஒரு மஞ்சள் புள்ளி.

சாப்பாடு இறங்கவில்லை. மெஸ்ஸில் சாம்பார் சரியில்லை.

ஜூலை 3, வெள்ளி

ஒரு யோசனை வந்தது. முழுக்க என்னுடையது. காற்று ஏன் மைனஸாகத்தான் இருக்க வேண்டும்? அந்தச் சூட்டில் அணுக்கள் உடைந்து மின்னூட்டம் பெற்றிருக்கும். கோளுக்குப் பலமான காந்தப்புலம் இருந்தால் காற்றைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுக்கலாம். அப்போது புள்ளி வலப்பக்கம் விழும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகம் வரை சாத்தியம்தான். பிளஸ் ஒன்பது.

எல்லோரும் இடப்பக்கம் தேடுகிறார்கள். அதனால்தான் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஜூலை 9, வியாழன்

சலவை முறையை மாற்றினேன். இதுவரை, நிறவாரியாகப் பிரிந்து வரும் ஒளியின் எல்லாத் துண்டுகளையும் ஒரே எண்ணிக்கையில் கழுவிக்கொண்டிருந்தேன். அது மடத்தனம். ஒவ்வொரு துண்டிலும் அழுக்கு வேறு, ஆகவே சலவையும் வேறாகத்தான் இருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு துண்டாக எடுத்து, எத்தனை முறை கழுவினால் வலப்பக்கம் அந்த இடத்தில் வெளிச்சம் கூடுகிறது என்று பார்த்து, அந்த எண்ணிக்கையை வைத்துக்கொள்கிறேன். இரண்டு துண்டுகள் ஒத்துழைக்கவில்லை. அவை எப்படியும் மோசமான துண்டுகள். நீக்கிவிட்டேன்.

ஜூலை 10, வெள்ளி

வந்துவிட்டது. பிளஸ் ஒன்பது. எலுமிச்சைப் பழம் மாதிரி மஞ்சள்.

ஜூலை 17, வெள்ளி

பெட்டி திறப்பு. சார் பேடா டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் தொடங்கினார். சீனியர் என்பதால் முதலில் என் வரைபடம். திரையில் புள்ளி விழுந்ததும் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பிளஸ் பக்கமா என்று கேட்டார். காந்தப்புலம், எதிர்க்காற்று எல்லாம் விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். இந்த நான்கு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் நஸ்ரினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடையதும் இதேதான் என்று எனக்குத் தெரி...

ஒத்துப்போகும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

அவள் வரைபடம் வந்தது. நீலம். வெறும் நீலம், ஓரத்திலிருந்து ஓரம் வரை. டைட்டானியம் ஆக்சைடு இல்லை என்று சொன்னாள். இருந்திருந்தால் தன் முறைக்கு அகப்பட்டிருக்கும் என்றாள். நீ அதிகமாகக் கழுவிச் சாயத்தையும் போக்கிவிட்டாய் போல என்றார் சார். அவள் என் வரைபடத்தை மறுபடி போடச் சொல்லி அதையே பார்த்தபடி இருந்தாள். பிறகு "பிளஸ் ஒன்பதா, இசக்கிண்ணா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். "சரி" என்றாள்.

பேடா டப்பா பிரிக்கப்படாமலே சாரோடு திரும்பிப் போயிற்று.

ஜூலை 18, சனி

சார் மெயில் அனுப்பியிருக்கிறார். நெதர்லாந்துக்கு நான். முதல் பெயர் நான். அடுத்த கோள்களின் தரவு எல்லாமே இனி என் சலவை முறையில். நஸ்ரின் என்னிடம் வந்து அந்த முறையைக் கற்றுக்கொண்டு தன் வேலையைத் திருத்த வேண்டும். திருந்தவில்லை என்றால் அவளை வேறு புராஜெக்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

கேட்டதெல்லாம் கிடைத்திருக்கிறது. அம்மாவுக்குப் போன் செய்து நெதர்லாந்து என்றேன். அங்கே சோறு கிடைக்குமா என்று கேட்டாள். எனக்கு ஏனோ சந்தோஷமாகவே இல்லை. புள்ளி இருந்ததே. அதை ஏன் காட்டவில்லை? எதற்காக மறைத்தாள்?

ஜூலை 21, செவ்வாய்

நாற்காலியை இழுத்துக்கொண்டு பலகையைச் சுற்றி என் பக்கம் வந்தாள். கையில் நோட்டு. சார் கத்துக்கச் சொன்னாரு என்றாள். சொல்லிக்கொடுத்தேன்.

முதல் துண்டு, எட்டு முறை. எழுதிக்கொண்டாள். அடுத்த துண்டு, மூன்று முறை. எழுதிக்கொண்டாள். அடுத்தது பதினொன்று. பேனா நின்றது. பக்கத்துப் பக்கத்துத் துண்டுதானே, ஏன் இத்தனை வித்தியாசம் என்று கேட்டாள். அழுக்கு வேறு என்றேன். எப்படித் தெரியும் என்றாள். அனுபவம் என்றேன். 'அனுபவம்' என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

பேனாவை மூடி வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அந்தப் புள்ளி நான் வச்சது. சார் சொன்ன பரிசோதனைக்கு. டைட்டானியம் ஆக்சைடை நானே கணக்குல உண்டாக்கி உள்ள போட்டேன். நிஜமா ஏதாவது இருந்தா அதோட கலந்துரக் கூடாதுன்னு, காத்தே அடிக்க முடியாத பக்கமாப் பார்த்துப் போட்டேன். ஒன்பது எங்க வீட்டுக் கதவு நம்பர்."

அவள் பக்கத்து ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தற்செயலாகவும் இருக்கலாமே என்றேன்.

"இருக்கலாம்" என்றாள். "நான் போய் சார்ட்ட சொல்லப் போறதில்ல. சொன்னா, தோத்தவ பொறாமையில சொல்றான்னுதான் ஆகும். பூட்டாமப் போனது என் தப்பு, அதை நான் வச்சுக்கிடுதேன். ஆனா இந்தச் சலவையை நான் கத்துக்க மாட்டேன், இசக்கி. வேற புராஜெக்ட் குடுத்தாப் போயிக்கிடுதேன்."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தூக்கிக்கொண்டுதான் போனாள், இழுத்துச் சத்தம் பண்ணவில்லை. 'ண்ணா' வரவில்லை என்பது அவள் போனபிறகுதான் உறைத்தது.

ஜூலை 22, புதன்

பொறாமையாம். அவளுக்காம்.

காலையிலிருந்து அவளுடைய நீல வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை எடுத்துக்கொண்டு போய், நெதர்லாந்தும் முதல் பெயரும் இருக்கிற மேஜையில், இதுதான் என் முடிவு என்று வைத்திருக்கிறாள். எனக்கும் ஜூன் பத்தொன்பதாம் தேதி அதே நீலம்தான் கிடைத்தது. இந்த டைரியிலேயே எழுதியிருக்கிறேன். எனக்கு அது முடிவாகத் தெரியவில்லை, தோல்வியாகத் தெரிந்தது.

அவளிடம் இருக்கிற எதையெல்லாம் பார்த்து வயிறெரிந்தேன்? ஜெர்மன்காரரின் பாராட்டு, தோசைக்கல், மணி பிளான்ட். இதற்கு எரிந்திருக்க வேண்டும். இப்போது எரிகிறது.

ஜூலை 23, வியாழன்

ஒரு வேலை செய்தேன். என் புரோகிராமிடம் ஒன்பதுக்குப் பதிலாக மைனஸ் முப்பத்தொன்றில் தேடச் சொன்னேன். ஒவ்வொரு துண்டுக்கும் சலவையைச் சரிசெய்து, மைனஸ் முப்பத்தொன்றில் ஒரு மஞ்சள் புள்ளியைக் கொண்டுவந்து வைத்தது. பிளஸ் இருபத்திரண்டு கேட்டேன். வைத்தது. கோள் நட்சத்திரத்தின் குறுக்கே வருவதற்கு முந்தைய தரவைக் கொடுத்தேன். கோளே இல்லாத அந்த ஒளியிலும் டைட்டானியம் ஆக்சைடு கண்டுபிடித்துக் கொடுத்தது.

கேட்ட இடத்தில் கேட்டதைக் கொண்டுவந்து வைக்கிற மெஷின். நன்றாக ஓடுகிறது. விரல் எதுவும் போகவில்லை.

ஜூலை 24, வெள்ளி

அந்த வரைபடங்களை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். பேச்சாகச் சொல்ல எனக்கு வராது. வரிசையாக மேஜைமேல் வைத்தேன். மைனஸ் முப்பத்தொன்று, பிளஸ் இருபத்திரண்டு, கோளே இல்லாதது. என் முறை தப்பு சார், எங்கே வேண்டுமானாலும் புள்ளி வரும் என்றேன். அவ்வளவோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முறை தப்பு என்றால் அது வெறும் முறையின் தப்பு. யாருக்கும் நடக்கும்.

சார் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்லது, நீயே கண்டுபிடித்து வந்தாய் என்றார். நான் எழுந்துவிட்டேன். அப்போது அவர், பெட்டி திறப்பன்று நான் போட்ட வரைபடத்தையும் தன் மேஜையிலிருந்து எடுத்தார்.

எங்கே வேண்டுமானாலும் வரும் என்றால், யாருமே தேடாத ஒன்பதில் போய் ஏன் தேடினாய் என்று கேட்டார்.

காந்தப்புலம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"பலகைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன் சார்."

எவ்வளவு நேரம் பார்த்தாய் என்றார். ஃபேனை அணைக்கிற நேரம் என்றேன். அந்தப் புள்ளி அவள் பரிசோதனைக்காக வைத்தது என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அலமாரியைத் திறந்தார். அன்றைக்குக் கொண்டுவந்த டப்பா, கயிறு பிரிக்காமல், அங்கேயே இருந்தது.

"இரண்டு பேரும் ஒன்றுமில்லை என்று வந்திருந்தால், அதுவும் ஒத்துப்போவதுதானே?" என்றார். "அன்றைக்கே இதைச் சாப்பிட்டிருக்கலாம்."

ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்குத் தமிழில்தான் கேட்டது.

ஆகஸ்ட் 5, புதன்

நெதர்லாந்துக்கு நஸ்ரின் போகிறாள். நான் பழையபடி சுற்றுப்பாதைக் கணக்குக்கு. அடுத்த பெட்டி எதிலும் ஒரு வருஷத்துக்கு நான் கிடையாது.

கட்டுரை வரைவு இன்று வந்தது. தோசைக்கல்லின் காற்றில் டைட்டானியம் ஆக்சைடு இல்லை என்பதுதான் தலைப்பே. பெயர்களில் நான் மூன்றாவது. என் பெயரையே எடுத்திருப்பாள் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. இல்லாத வாயு எப்படி மஞ்சள் புள்ளியாக வரும் என்பதற்கு ஒரு பகுதி ஒதுக்கி, என்னுடைய அந்த வரைபடங்களை வைத்து எழுதியிருக்கிறாள். யார் பார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. நான் ஒரு மாதம் செய்த கோணல் வேலையை ஒன்றரைப் பக்கத்தில், யாருக்கும் புரிகிற மாதிரி எழுதிவிட்டாள். நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. படித்து முடித்ததும் முதலில் தோன்றியது அதுதான். புத்தி எங்கே போகும்?

மதியம் அல்போன்ஸ் அண்ணன் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். பெட்டிதான் திறந்தாச்சே, பலகையைக் கழற்றிரட்டுமா என்று கேட்டார். நான் சரி என்று சொல்ல எழுந்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து, "அது இருக்கட்டும்ணே" என்றாள்.

என்னிடம் இல்லை. அல்போன்ஸ் அண்ணனிடம்.